கடைசியில சுட்டானா, இல்லையா?

வாங்க சார், அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. டிக்கெட்டுக்கு அவசரமில்ல. உங்களையும் சேத்து மூணு பேருதான் வந்துருக்காங்க. பத்துப் பேராச்சும் சேராம இங்க படம் போட மாட்டோம், மொதலாளி உத்தரவு. மூணு பேருக்குப் படத்த ஓட்டுனா ஃபேன் சுத்துற கரண்டுக்கே கட்டுப்படியாகாது. கவலப்படாதீங்க, சேரும். சுதந்திர தினத்துக்குன்னு இந்தப் பட்டாளத்துப் படத்த மறுபடி எடுத்துப் போட்டுருக்கோம். கொடியேத்தி மிட்டாய வாங்கித் தின்னுட்டு நேரா இங்கதான் வருவாங்க.

என்ன கேட்டீங்க? படத்துல என்ன கருத்தா? சார், நல்லா இருப்பீங்க, அத மட்டும் இந்த ஊர்ல யாருகிட்டயும் கேட்டுறாதீங்க. அந்த ஒரு கேள்வியால ஒரு கல்யாணமே நின்னு போகப் பாத்துச்சு. யாரு கல்யாணம்ங்கறீங்க? என் மக கல்யாணம். சிரிக்காதீங்க. ஆளு சேர்ற வரைக்கும் நமக்கு என்ன சோலி, சொல்றேன் கேளுங்க.

நான் இங்க மேனேஜர். மேனேஜர்னா என்னமோ ஏசி ரூம்ல உக்காந்துருப்பேன்னு நெனைக்காதீங்க. டிக்கெட் குடுக்கறதும் நான்தான், கிழிக்கறதும் நான்தான், சீட்டுச் சண்டைய விலக்கி விடுறதும் நான்தான். ஆனா ஒண்ணு சார், படம் முடிஞ்சு லைட்டப் போடுறதுல என்னைய மிஞ்ச இந்த ஜில்லாவுல ஆளு கெடையாது. கடைசி சீன் முடிஞ்சு பேரு ஓட ஆரம்பிக்கும் பாருங்க, மொதப் பேரு மேல ஏறுறதுக்குள்ள பளிச்சுனு லைட்டப் போட்டுருவேன். பெல்ல அமுக்குனா மேல ஆபரேட்டரு படத்த நிறுத்திருவான். கதவத் தொறந்து ஜனத்த வெளியேத்தி, வண்டி ஸ்டாண்டு கேட்டத் தொறந்து விட்டு, அடுத்த ஷோவுக்குள்ள கூட்டிப் பெருக்கணும்ல? பாட்டுக்கு டிரெஸ் தச்சவன் யாரு, குதிரைய ஓட்டுனவன் யாருன்னு படிச்சு ஜனம் என்ன பரீட்சையா எழுதப் போகுது?

இத்தன வருஷத்துல ஒரு படத்தோட கடைசியக் கூட நான் உக்காந்து பாத்ததில்ல. ஆனா கருத்த மட்டும் பிசகாமச் சொல்லிருவேன். எப்படிங்கறீங்களா? இடைவேள. இடைவேளைய எந்த எடத்துல விடுறான்னு பாக்கணும் சார், டைரக்டர் மனசு அதுலயே தெரிஞ்சு போகும். இந்தப் படத்துல ஹீரோ பனி மலைல உக்காந்து சப்பாத்திய வாய்க்குக் கொண்டு போறான், பக்கத்துல குண்டு வந்து விழுது, இடைவேள. அப்ப கருத்து என்ன? சாப்பிடுற நேரத்துல சண்ட போடக் கூடாது. அம்புட்டுத்தான். இத வெளங்கிக்காமத்தான் ஊரே அடிச்சுக்கிருச்சு.

விஷயத்துக்கு வர்றேன். போன பொங்கல் கழிச்சு எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ள பேரு சிவனேசன். பட்டாளத்துல இருக்காரு, லீவுல வந்துருந்தாரு. எங்கயோ வடக்க எல்லையில வேல. அவுக அப்பா தங்கமலை, அவரும் பட்டாளந்தான், சுபேதாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. மீசையப் பாத்தாலே நமக்கு நெஞ்சு தன்னால நிமிந்துரும். என் மக கோகிலவாணிய அவுகளுக்குப் புடிச்சுப் போச்சு. எங்களுக்கும் பரம திருப்தி.

வந்த சம்பந்திய வெறும் பஜ்ஜி கேசரியோட அனுப்புறதான்னு எனக்கு ஒரு எண்ணம். நம்மகிட்ட என்ன இருக்கு? தியேட்டர் இருக்கு. ஓடுறதோ பட்டாளத்துப் படம், வந்துருக்கறதோ பட்டாளத்துக் குடும்பம். இதவிடப் பொருத்தம் எங்க அமையும்னு எல்லாரையும் கூட்டியாந்து பால்கனில பாக்ஸ்ல உக்கார வச்சேன். என் பொஞ்சாதி இன்பவள்ளி மட்டும், "ஏங்க, லீவுல வந்த பிள்ளைக்கு எதுக்குங்க சண்டப் படம்?"னா. அவளுக்கு என்ன தெரியும், ரசன இல்லாதவ.

மாப்பிள்ளைக்கும் ரசன கம்மின்னுதான் அன்னைக்கு நெனச்சேன் சார். பொசுக்கு பொசுக்குன்னு எந்திரிச்சு வெளிய போறாரு. நல்ல சண்டக் காட்சி வரும்போதுதான் போறாரு. கேன்டீன்கிட்டப் போய்க் காத்தாட நின்னுக்கிறாரு. வாணி ஒரு பன்னீர் சோடாவ ஒடச்சுக் குடுத்து, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நிக்கிறாங்க. பொண்ணுகூடப் பேசத்தான் சாக்குச் சொல்லிட்டு வர்றாருன்னு இன்பவள்ளி சொன்னா. எனக்கு மனசுக்குள்ள லேசா வருத்தந்தான். நம்ம பொழப்பே சினிமா. வர்ற மருமகனுக்கு ஒரு சண்டக் காட்சிய முழுசாப் பாக்கப் பொறும இல்லையே.

படத்தோட முடிவச் சொல்லணும், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். கடைசில எதிராளிப் பட்டாளத்துக்காரன் ஒருத்தன் அடிபட்டுப் பனியில கெடக்கான். தண்ணி, தண்ணிங்கறான். ஹீரோ துப்பாக்கியத் தூக்குறான். திரை இருட்டாகுது. டமார்னு ஒரு சத்தம். நம்ம ஸ்பீக்கருல கேக்கணும், நாற்காலியே ஆடும். அப்படியே பேரு ஓட ஆரம்பிக்கும், நான் லைட்டப் போட்டுருவேன். விசிலு கூரையப் பிச்சுக்கிட்டுப் போகும்.

ஆனா சம்பந்தி வந்த அன்னைக்கு மட்டும் நான் லைட்டுக்கிட்ட இல்ல. அவுகளுக்குப் போண்டா வாங்கப் போயிருந்தேன், போண்டா வேகல. நான் தட்டோட வந்து பாத்தா பேரெல்லாம் ஓடி முடிஞ்சு திரை வெள்ளையாக் கெடக்கு. பேரு ஓட ஆரம்பிச்சதுமே பழக்கத்துல ஜனம் பூராம் போயிருச்சு. சுபேதார் மட்டும் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "சம்பந்தி, என்னா படம்ங்க! எங்களுக்குத்தான்யா தெரியும் இது"ன்னாரு. நான் போண்டாவத்தான் சொல்றாருன்னு தட்ட நீட்டுனேன்.

அடுத்த ஞாயித்துக்கெழம தட்டு மாத்துறதுன்னு முடிவாச்சு. தட்டு மாத்தணும்னா தாய்மாமன் வேணும்ல? என் மச்சினன் மாயழகு வந்துட்டான். உரக்கட வச்சிருக்கான். தங்கமான மனுஷன், அக்கா மகள்னா உசுரக் குடுப்பான். ஆனா தேசபக்தி கொஞ்சம் ஓவரு. கடையில யூரியா வாங்க வர்றவன நிறுத்தி வச்சு எல்லை நெலவரத்த வெளக்குவான். எங்க சாதி சனத்துல தாய்மாமன் சீரு வராமப் பொண்ணு மணவறையில உக்காராது. அதனால சம்பந்தியும் வேணும், இவனும் வேணும். ரெண்டு பேருல ஒருத்தரு மொகம் கோணுனாலும் என் மக கல்யாணம் அம்போ.

இலை போட்டாச்சு. சாம்பாரு வந்துருச்சு. மாயழகு சும்மா இருக்காம, "சம்பந்தி, நம்ம மாமா தியேட்டர்ல படம் பாத்தீங்களாமே. கடைசியில சுட்டான் பாருங்க ஒரு சுடு! அப்படி இருக்கணும். எதிரின்னா எரக்கம் காட்டக் கூடாதுன்னு பொட்டுல அடிச்ச மாதிரி சொல்லிட்டான்"னான்.

சுபேதார் சோத்தப் பெசஞ்ச கைய நிறுத்துனாரு. "சுட்டானா? எங்க சுட்டான்? அவன் வானத்தப் பாத்துல்ல சுட்டான். அப்புறம் அந்தப் பயலத் தூக்கி மடியில போட்டுத் தண்ணி குடுத்தானே. போதும்டா சண்டன்னுல்ல படம் சொல்லுது."

"தண்ணி குடுத்தானா? நான் மொத நாளு மொத ஷோ பாத்தவன் சம்பந்தி. ஊரே விசிலடிச்சுச்சு. தண்ணி குடுத்ததுக்கா விசிலடிப்பாங்க?"

"ஏங்க, நான் என் கண்ணால பாத்தேன்."

"நான் என் காதால கேட்டேன். டமார்னு."

இன்பவள்ளி நடுவுல பூந்து சுபேதாருகிட்ட, "ரசம் ஊத்தட்டுமா அண்ணே"ங்கறா. யாரு கேக்குறா? பேச்சு தடிச்சுப் போச்சு. இந்த மாயழகுப் பயலுக்கு எந்த நேரத்துல சனி நாக்குல உக்காந்துச்சோ தெரியல, "ரிட்டயர்டு ஆயிட்டா வீரமும் ரிட்டயர்டு ஆயிருமோ?"ன்னுட்டான்.

அம்புட்டுத்தான். சுபேதார் இலைய மடிச்சாரு. பாயாசம் வாங்கல. "உரச் சாக்கத் தூக்குனவனுக்குத் துப்பாக்கி கனம் எங்க தெரியும்?"னு ஒரு வார்த்த சொல்லிட்டு, குடும்பத்தோட வண்டியேறிட்டாரு. மாப்பிள்ள மட்டும் படியெறங்கும்போது வாணியத் திரும்பிப் பாத்தாரு. தட்டு மாத்தாத வெத்தல பாக்கு, பழம், பூவு எல்லாம் கூடத்துல அப்படியே கெடக்கு. என் மக ஒவ்வொண்ணா எடுத்து உள்ள வச்சா. எனக்கு அழுகையே வந்துருச்சு சார். நான் அப்பவே சொன்னேன்ல, சாப்பிடுற நேரத்துல சண்ட போடக் கூடாதுன்னுதான் படமே எடுத்துருக்கான்!

அதுக்கப்புறம் ஊரு கச்சி கட்டிக்கிருச்சு. சுட்டான் கச்சி, சுடல கச்சி. சுட்டான் கச்சியில எம்புட்டோ பேரு. சுடல கச்சியில மதுரைக்குப் போய்ப் பாத்துட்டு வந்த காலேஜுப் பிள்ளைகளும், பேத்திகூடப் போன ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரும். முடிவெட்டுற பாண்டியன் தனிக் கச்சி. "ஆபீசருக்கு மட்டும் ரெண்டு கம்பளி, சிப்பாய்க்கு ஒண்ணு, அதுதான்யா படத்துல கருத்து, வேற எவனும் கவனிக்கல"ம்பான். முறுக்கு விக்கிற அன்னக்கிளி அக்கா, "அவன் ஆத்தாவுக்கு ஒரு போனு போட்டானாய்யா படம் பூராம்? பெத்தவள மறந்தா பனியிலதான் கெடக்கணும்"னுச்சு. ஒருத்தன் சொன்னத ஒருத்தன் ஒத்துக்கறதில்ல. ஒத்துக்காததுனால மறுபடி டிக்கெட் எடுத்து வந்து பாக்குறான். மொதலாளிக்கு ஒரே சந்தோஷம். "இன்னும் நாலு நாளு சண்ட போடட்டும்யா"ங்கறாரு. என் வீட்டுல எழவு விழுந்த மாதிரி இருக்கு, அவருக்கு வசூலு.

இதுல கூத்து என்னன்னா, மேல ஆபரேட்டருகிட்ட ஒருநாளு பொலம்புனேன். அவன் சாவகாசமா, "ஆமாண்ணே, பேரு கொஞ்சம் ஓடுன பெறகு ஒரு துண்டு சீன் இருக்கு. தண்ணி குடுக்குற சீன். நீங்கதான் பெல்ல அடிச்சுருவீங்களே"ங்கறான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அந்த டைரக்டர் மேல சார், வேற யாரு மேல? படம் முடிஞ்ச பெறகு படத்த வைக்கிறவன் என்ன மனுஷன்? இலைய மடிச்சு எந்திரிச்ச பெறகு பாயாசம் ஊத்துவானா எவனாச்சும்? அவன் பண்ணுன கோளாறுனால என் மக வாழ்க்க அந்தரத்துல நிக்குது. என் மேல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க? வண்டி ஸ்டாண்டு கேட்ட அவனா வந்து தொறப்பான்?

வெளியவும் சொல்ல முடியல. சொன்னா ஊரு பூராம் என் சட்டையப் புடிக்கும். பேசாம இருந்துட்டேன். அந்த வாரம் வாணி சரியாச் சாப்பிடல. இன்பவள்ளி ஒருநாளு கரண்டியக் கையில வச்சுக்கிட்டே சொன்னா: "உங்க தியேட்டர்ல ஆரம்பிச்ச சண்ட. உங்க தியேட்டர்லயே முடிச்சு வைங்க. முடிக்கலன்னா இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு கெடையாது." சொன்னாச் செய்வா சார்.

ரெண்டு பக்கமும் போய்க் கால்ல விழாத கொறையாக் கெஞ்சினேன். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து ஒருக்கா படத்தப் பாத்துருங்க, கண்ணால பாத்துட்டா சண்ட தீந்துரும்னு. சுபேதார் ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்கிட்டவரு ஒண்ணு சொன்னாரு: "எம் மகனும் வரட்டும். நெசமாப் பட்டாளத்துல இருக்கறவன் அவன்தான். அவனே நடுவுல உக்காந்து பாத்து நாயம் சொல்லட்டும்." மாயழகும், "சரி, மாப்பிள்ள சொல்றதுக்குக் கட்டுப்படுறேன்"னுட்டான்.

மேட்னி ஷோ. பாக்ஸ்ல இந்தப் பக்கம் சுபேதார், அந்தப் பக்கம் மாயழகு, நடுவுல மாப்பிள்ள. எந்திரிச்சு வெளிய போக வழியில்ல. மாயழகு அந்தாம் பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு வழிய அடச்சு உக்காந்துருக்கான். நான் கதவுக்கிட்ட லைட்டு சுவிட்சுல கைய வச்சு நிக்கிறேன்.

என் நெலமய யோசிங்க சார். லைட்டப் போடாம விட்டா அந்தத் துண்டு சீன் வந்துரும். மாயழகு ஊரு முன்னால அசடு வழிவான். கோவத்துல சீரு வராது, கல்யாணம் இல்ல. லைட்டப் போட்டா சுபேதார் பொய்யரு ஆயிருவாரு. அப்பவும் கல்யாணம் இல்ல. இந்த ஊரு பிறந்ததுல இருந்து ஒரு சுவிட்சுக்கு இம்புட்டு மரியாத வந்ததில்ல. போடுறதா, வேணாமான்னு படம் பூராம் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அதனால மாப்பிள்ளைய நான் கவனிக்கல. கேன்டீன்ல காத்துக்கிட்டிருந்த வாணி கதவிடுக்குல பாத்துக் கவனிச்சுருக்கா. அவ கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தா. "வெளிய போம்மா"ன்னேன், காதுல வாங்கல.

ஹீரோ துப்பாக்கியத் தூக்குறான். திரை இருட்டாச்சு. டமார்!

பழக்க தோஷம் சார். யோசிக்கறதுக்குள்ள கை போட்டுருச்சு. பளிச்சுனு லைட்டு.

"பாத்தீங்களா சம்பந்தி!"ன்னு மாயழகு எந்திரிச்சான். "பொறுங்க, இன்னும் இருக்கு"ன்னு சுபேதார் கைய நீட்டுனாரு. "நீயே சொல்லுப்பா, சுட்டானா இல்லையா?"ன்னு ரெண்டு பேரும் நடுவுல திரும்புனாங்க.

சீட்டுல ஆளு இல்ல.

மாப்பிள்ள கீழ கெடந்தாரு. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தரையில, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, தலைய முட்டிக்குள்ள வச்சுக்கிட்டு, சுருண்டு கெடந்தாரு. சட்ட பூராம் வேர்வ. அம்புட்டு உசரமான ஆளு சார், சின்னப் பிள்ள மாதிரி நடுங்கிக்கிட்டு இருக்காரு. வாணி அந்தத் தரையிலயே உக்காந்து அவரு முதுகுல கைய வச்சு, "ஒண்ணுமில்ல, தியேட்டருங்க, தியேட்டருங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

நான் பெல்ல அடிக்க மறந்துட்டேன். திரையில பேரு ஓடுச்சு போல. அந்தத் துண்டு சீனும் ஓடியிருக்கும். லைட்டு வெளிச்சத்துல மங்கலா என்னமோ அசையிற மாதிரி இருந்துச்சு. யாரும் பாக்கல. நானும் பாக்கல.

சுபேதார் அப்படியே மகன் பக்கத்துல குத்தவச்சு உக்காந்தாரு. அந்த மீசையெல்லாம் ஆடுது. "எனக்கும் பட்டாளத்துல இருந்து வந்த புதுசுல தீவாளி வெடிச் சத்தம் ஆகாதுப்பா. ஏன்டா என்கிட்டச் சொல்லல?"ன்னாரு. மாப்பிள்ள தலைய நிமித்தாம, "நீங்க படத்த ரசிச்சுப் பாத்தீங்கப்பா"ன்னாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு.

உண்மையச் சொன்னா என்ன சார். பொண்ணப் பெத்தவன் புத்தி, ஒரு நிமிஷம் வேற மாதிரி போச்சு. இப்படி இருக்கற பிள்ளைக்கா நம்ம மகளக் குடுக்கறதுன்னு தோணுச்சு. தோணுனது என் மொகத்துல தெரிஞ்சுருக்கும் போல. வாணி என்னையப் பாத்து, "அப்பா, அவரு அன்னைக்கே கேன்டீன்ல நிக்கும்போது சொல்லிட்டாரு. சத்தம் கேட்டா இப்படி ஆகும், யோசிச்சுக்கோங்கன்னாரு. யோசிச்சுட்டுத்தான்ப்பா சரின்னேன்"னா. இம்புட்டு நெஞ்சுரம் இந்தப் பிள்ளைக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு பெருமையா இருந்துச்சு. அவ ஆத்தாகிட்ட இருந்துதான் வந்துருக்கணும்.

மாயழகு இருக்கான்ல, வாயாடி மாயழகு. தோள்ல கெடந்த துண்ட எடுத்து மாப்பிள்ள மொகத்தத் தொடச்சு விட்டான். கேன்டீனுக்கு ஓடிப் போய்ச் செம்புல தண்ணி கொண்டாந்து, அவரு தலையத் தாங்கிப் புடிச்சு, மடக்கு மடக்காக் குடிக்க வச்சான். குடிக்க வச்சுக்கிட்டே அழுதான் சார். அப்புறம் அங்கனயே சுபேதாரு கையப் புடிச்சு, "சம்பந்தி, நான் பேசுனத மனசுல வைக்காதீங்க. எப்பத் தட்டு மாத்தலாம்னு மட்டும் சொல்லுங்க"ன்னான். லீவு முடியறதுக்குள்ள மாசியிலயே கல்யாணம் முடிஞ்சுருச்சு. தாய்மாமன் சீரு டிராக்டர்ல வந்துச்சு. வேட்டுப் போடக் கூடாதுன்னு மாயழகே கைத்தடிய வச்சுக்கிட்டு மண்டப வாசல்ல காவல் நின்னான்.

இப்பவும் நான் சொல்றது என்னன்னா, அன்னைக்கு நான் சரியான நேரத்துல லைட்டப் போட்டேன்ல, அதனாலதான் கல்யாணம் நடந்துச்சு. ஒரு நொடி பிந்திப் போட்டுருந்தா ரெண்டு பேரும் திரையப் பாத்துக்கிட்டே உக்காந்துருப்பாங்க. இத இன்பவள்ளிகிட்டச் சொன்னா, "ஆமாமா, உங்களாலதான் எல்லாம்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருவா.

சுட்டானா இல்லையான்னு எங்க குடும்பத்துல இப்ப யாரும் பேசறதில்ல. ஊர்ல மட்டும் கச்சி அப்படியேதான் இருக்கு. அந்தத் துண்டு சீன இன்னைக்காச்சும் ஓட விடுவீங்களான்னு கேக்காதீங்க. அடுத்த ஷோவுக்கு யாரு கூட்டிப் பெருக்கறது?

அந்தா வர்றாங்க பாருங்க கும்பலா. பத்துக்கு மேலயே தேறும். இந்தாங்க டிக்கெட்டு, பால்கனில காத்து வர்ற எடமாப் பாத்து உக்காருங்க.

ஒண்ணு மட்டும் சார். உள்ள போய், சத்தம் பத்தலன்னு மத்தவங்களோட சேந்து கத்தாதீங்க. நேத்து ராத்திரி ஷோவுல சீட்ட ஒடைக்கப் பாத்தாங்க. ஸ்பீக்கரு ரிப்பேருன்னு சொல்லி வச்சிருக்கேன். ஸ்பீக்கருக்கு ஒண்ணுமில்ல. இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் எங்க வீடு. மாப்பிள்ள நேத்துத்தான் லீவுல வந்தாரு. சாப்பிட்டுட்டு இப்பத்தான் கண்ணசந்துருக்காரு.